மூன்றாவது வயர்

இன்று காலை பேத்தியின் கார் நின்ற இடத்திலேயே நடுங்கியது. ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டருக்குப் படித்து வேலையிலும் சேர்ந்துவிட்டாள், நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பெருமையை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? "அப்பாயி, ஸ்டார்ட் ஆவுது. ஆனா குளிர் சொரம் வந்த மாதிரி ஒதறுது" என்றாள். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பு. அரைகுறையாக எரிந்த பெட்ரோல் வாசம். கண்ணை மூடினேன். பண்ணை வீட்டு வாசலில் காக்கிச் சட்டையோடு நீங்கள் நின்றீர்கள்.

புது ஆட்சி வந்து, வயலுக்கு வயல் கொடி நட்டு, கூலி நெல் கூட்டிக் கேட்டு ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்த காலம் அது. நீங்கள் பண்ணையாரின் டிரைவர். நாம் குடியிருந்த குடிசையும் அவருடையது. அந்தக் காரைத் தினமும் கழுவியவன் என் அண்ணன். கூலி கேட்டு முன்னால் நின்றவனும் அவனே. அதனால் கார் உதறியதும் பண்ணையார் யோசிக்கவே இல்லை. "பெட்ரோல்ல மண்ணப் போட்டுட்டான்" என்று சப்-இன்ஸ்பெக்டரை வரவழைத்துவிட்டார். அண்ணனைக் கையைக் கட்டி மாமரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள். ஸ்டேஷனுக்குப் போனால் முழுசாகத் திரும்புவானா?

"கொண்டு போறதுக்கு முன்ன ஒரு தடவ பாத்துடுறேனுங்க" என்று நீங்கள் பானெட்டைத் திறந்தீர்கள். நடுப்பகல் வெயிலில் கார் தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல் நெளிந்தது. ஐந்தாவது வரை படித்தவளுக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் களத்துச் சத்தம் தெரியும்.

"நாலு பேரு கதிரடிக்கையில ஒருத்தி கை ஓஞ்சு போன மாதிரி இருக்கு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"ஏன்டா, ஒன் பொண்டாட்டிதான் மெக்கானிக்கா?" என்று சிரித்தார் பண்ணையார்.

நீங்கள் சிரிக்கவில்லை. "சரியாத்தாங்க சொல்றா. பெட்ரோல்ல மண்ணு விழுந்தா நாலு சிலிண்டருமே தெணறும். இதுல ஒண்ணுதான் செத்துக் கெடக்கு."

இன்ஜினை ஓடவிட்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினீர்கள். முதலாவதைப் பிடுங்கியதும் இன்ஜின் தொய்ந்தது. இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கினீர்கள், ஒன்றுமே நடக்காததுபோல் அது பழையபடி நொண்டிக்கொண்டே ஓடியது. பக்கத்துப் பிளக்கை அங்கே மாற்றிப் போட்டும் பயனில்லை; கோளாறு வயரில்தான். பிறகு கோணிச் சாக்கைப் போர்த்தி இருட்டாக்கி, சப்-இன்ஸ்பெக்டரைக் குனியச் சொன்னீர்கள். மூன்றாவது வயரின் அடியில், மின்மினிபோல் நீலப்பொறி வெளியே கசிந்துகொண்டிருந்தது.

"எலி கடிச்சிருக்குங்க."

"ஒன் மச்சானுக்காகக் கத கட்டுறியா? கார் கொட்டாயில ஏதுடா எலி?" என்று கத்தினார் பண்ணையார்.

அவர் அதைக் கேட்டிருக்கக் கூடாது. அரசாங்கத்துக்கு அளக்க வேண்டிய லெவி நெல் அந்தக் கொட்டகையின் தட்டிக்குப் பின்னால் மூட்டை மூட்டையாய் ஒளிந்திருந்தது. தினமும் அங்கே வண்டியை விடும் உங்களுக்கு அது தெரியும். அவர் உப்பைத் தின்றதற்காக என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்தீர்கள். அண்ணனைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பிறகு இன்ஜின் மூலையில் கையை விட்டு வழித்து நீட்டினீர்கள். உமியும் கொஞ்சம் நெல்லும்.

"இதத் திங்க வந்ததுங்க. தட்டிய வெலக்கிப் பாருங்க."

மூட்டைகளைப் பார்த்ததும் அண்ணனின் கட்டை அவிழ்த்தார்கள். நாம் சாயங்காலத்துக்குள் குடிசையைக் காலி செய்தோம். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பானை. குடவாசல் போகும் வாய்க்கால் கரையில், "இனிமே என்னங்க பண்றது?" என்றேன். என் கையை எடுத்து உங்கள் நெஞ்சில் வைத்தீர்கள். "எல்லாம் சரியா அடிக்குது புள்ள, கேளு."

இன்று வந்த மெக்கானிக்கிடம், "ஒண்ணொண்ணாக் கழட்டிப் பாருங்க தம்பி" என்றேன். இரண்டாவதற்குப் போகும் வயரில் பல் பட்டிருந்தது.

"எலி எங்கேருந்து அப்பாயி வந்துச்சு?" என்றாள் பேத்தி.

கார் நிற்கும் கொட்டகையின் உள்பக்கத்தைக் காட்டினேன். உங்கள் பெயரில் பட்டா வாங்கிய நிலத்தில் விளைந்தது, கூரை முட்ட அடுக்கியிருக்கிறது.

"நம்ம நெல்லத் தேடித்தான்டி வந்திருக்கு" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

வயர் மாற்றியதும் மறுபடி கையை வைத்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அந்த வாய்க்கால் கரையில் நீங்கள் வைத்த இடத்திலிருந்து என் கையை நான் இன்னும் எடுக்கவில்லை.