கேட்காமல் விட்ட வண்டி

புக்கிட் பாஞ்சாங், பத்தாம் கல்
1901 ஏப்ரல் 20

சௌபாக்கியவதி பூவம்மாளுக்கு உன் புருஷன் தங்கராஜு எழுதிக்கொண்டது. ஆண்டவன் அருளால் நானும் பிள்ளைகள் இருவரும் இங்கே சுகமாக இருக்கிறோம். உன் சுகத்துக்கும், பிறக்கப்போகும் பிள்ளையின் சுகத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். இதை உனக்கு வாசித்துக் காட்டும் மைத்துனன் பரமசிவத்துக்கும் என் அன்பைச் சொல்லவும்.

நீ ஏறிய கப்பல் பத்திரமாக நாகப்பட்டினம் சேர்ந்த சங்கதி கிராஸ் ஸ்திரீட் சாகுல் ஹமீது கடை மூலமாகத் தெரிந்தது. மனம் நிம்மதியாயிற்று.

நாங்கள் புக்கிட் தீமாவிலிருந்து கூடாரத்தைக் கிளப்பிப் பத்து நாள் ஆகிறது. ரயில் பாதைக்கு அளவெடுக்கும் வேலை எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் நாங்களும் போகவேண்டும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். இந்த இடம் மேடு. தண்ணீர் தேங்கவில்லை. கூடாரத்தைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டிவிட்டேன். மிளகுத் தோட்டத்துச் சீனன் ஒருவன் கிணற்றில் மொண்டுகொள்ளச் சொல்லியிருக்கிறான். அட்டைத் தொல்லை மட்டும் அதிகம். ராசு தன் காலில் ஏறியவற்றை எண்ணிக் கணக்குச் சொல்வதைப் பெருமையாக வைத்திருக்கிறான்.

அவன் குறும்பு குறையவில்லை. போன வாரம், நாங்கள் நாள் முழுவதும் அளந்து அடித்த முளைக்குச்சிகளில் மூன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து கல்யாண வீட்டுப் பந்தல் போட்டு விளையாடிவிட்டான். மறுநாள் அளவுச் சங்கிலியை முதலிலிருந்து பிடிக்கவேண்டி வந்தது. அளவு வேலையை நடத்தும் துரை பார்த்துவிட்டுக் கோபிக்காமல் போனார். எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

கண்மணி பதினோரு வயதுப் பிள்ளை போலவே இல்லை. காலையில் நான் எழும்போது கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கிறது. ஈர விறகை முந்தின நாளே அடுப்பைச் சுற்றி அடுக்கிக் காயவைக்கிறாள். கூடாரம் மாற்றும் நாளில் எந்தப் பானைக்குள் எந்தச் சட்டி அடங்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும். உன்னைப் பற்றி அவள் எதுவும் கேட்பதில்லை. ராசுதான் கேட்கிறான்.

துறைமுகத்தில் வைத்துப் பிள்ளைகளை உன்னோடு அனுப்பமாட்டேன் என்று நான் சொன்னதில் உனக்கு மனத்தாங்கல் இருக்கும். ஆறு மாதக் கர்ப்பிணி, கப்பல் மேல்தட்டில் வெயிலிலும் மழையிலும் இரண்டு பிள்ளைகளைக் கட்டிக்காப்பது எப்படி என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். வேறு எண்ணம் இல்லை.

அன்னத்தின் விஷயமாக நீ புறப்படும் வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக துரை விடவில்லை என்று அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். வெள்ளைக்காரன் உத்தரவு. நாலு வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்த வலி எனக்கும் இருக்கிறது. புறப்படுமுன் அவளை வைத்த இடத்தில் கல் பரப்பி, சுற்றிலும் முள்வேலி கட்டிவிட்டுத்தான் வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பிரசவம் ஆனவுடன் எழுதச் சொல்.

உன் நலம் நாடும்
தங்கராஜு


கிராஞ்சி, பதினாலாம் கல்
1901 ஜூலை 14

சௌபாக்கியவதி பூவம்மாளுக்கு ஆசீர்வாதம். மைத்துனன் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. பெண் குழந்தை பிறந்து தாயும் சேயும் நலம் என்ற வரியை மூன்று முறை வாசித்தேன். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டினேன். ராசு, தங்கச்சி நடப்பாளா என்று கேட்டான். சங்கிலி ஆட்கள் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தோம்.

கடிதத்தில் நெல் விலை இருந்தது, மாமாவின் இருமல் இருந்தது, பக்கத்து வீட்டு வழக்கு இருந்தது. நீ சொல்லி எழுதியதாக ஒரு வரியும் இல்லை. எப்போது திரும்புகிறாய் என்றும் இல்லை. பச்சை உடம்புக்காரி, இப்போது அதைக் கேட்பது சரியில்லை. கேட்கவில்லை.

கிராஞ்சிக்கு வந்து மூன்று வாரம். இது நமக்கு வாய்த்த இடங்களிலேயே மோசமானது. ஆற்றங்கரை முழுவதும் சேறும் அலையாத்திக் காடும். சாயங்காலம் ஆனால் கொசு புகை போல எழும்புகிறது. கூடாரத் துணி ஈரம் காய்வதே இல்லை. பாயைத் தூக்கினால் அடியில் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. அரிசியில் பூச்சி வைத்துவிட்டது. சங்கிலி ஆட்களில் இரண்டு பேர் காய்ச்சலில் விழுந்து ஊருக்குள் போய்விட்டார்கள். அவர்கள் வேலையையும் நானே பார்க்கிறேன்.

நாம் பட்டணத்தில் தேக்கா வீட்டை விட்டு முதல் முதலாகக் கூடாரத்துக்கு வந்த நாள் இப்போது அடிக்கடி ஞாபகம் வருகிறது. பிள்ளைகள் மூன்று பேரும் மாட்டுவண்டியில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்தார்கள். திருவிழாவுக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்று நீ சிரித்தாய். அன்றைக்கு இரவல் பாத்திரத்தில் சமைத்தாய். உப்பு போட மறந்துவிட்டாய். யாரும் குறை சொல்லவில்லை.

பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படாதே. கண்மணி சற்று இளைத்திருக்கிறாள். வளர்கிற வயது. நான் ஆற்றோரம் வேலைக்குப் போகும்போது ராசுவைக் கூடாரத்தின் நடுக்கம்பத்தில் நீளமான கயிற்றால் கட்டிவைக்கிறாள். புலி வருகிறது என்று தோட்டத்துச் சீனர்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் ஒன்றையும் கண்டதில்லை. ஆனாலும் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த மாதம் பெரிய துரை வந்து பார்வையிடப்போகிறார். அதற்குள் ஆற்றங்கரை வரை அளந்து முடிக்கவேண்டும். அது முடிந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

குழந்தைக்கு என் முத்தம்.

தங்கராஜு


தேக்கா, சிராங்கூன் ரோடு
1901 ஆகஸ்டு 30

பூவம்மா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கண்மணி கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவளும் ராசுவும் உன் எதிரே நின்றுகொண்டிருப்பார்கள். முதலில் அவர்களுக்கு ஏதாவது சாப்பிடக் கொடு. பிறகு அவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பரமசிவத்தை இதை வாசிக்கச் சொல். இதில் அவன் முன்னால் சொல்லக்கூடாதது இருக்கிறது. ஆனாலும் அவன் வாசிக்கட்டும். எனக்கு இனி வெட்கம் இல்லை.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

இந்த மாதம் எட்டாம் தேதி, வியாழக்கிழமை. பெரிய துரை சனிக்கிழமை வருவதாக இருந்தது. காலைக் கஞ்சிக்கு உட்கார்ந்தபோது ராசு, அக்கா கையைத் தொட்டால் சுடுகிறது, நேற்றும் சுட்டது, அதற்கு முந்தின நாளும் சுட்டது என்றான். கண்மணி அவனை முறைத்தாள். நான் அவள் நெற்றியில் கை வைத்தேன். பூவம்மா, அடுப்புக்கல்லைத் தொட்டது போல இருந்தது. அந்த உடம்போடு அவள் எனக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அகப்பையைப் பானைக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்: "சொன்னா நீங்க என்ன செய்வீங்க அப்பா? துரை விடமாட்டாருன்னு அன்னிக்கு அம்மாகிட்ட சொன்னீங்களே. உங்களுக்குத்தான் கஷ்டம்."

என்னிடம் கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. எனக்காக இரக்கப்பட்டுச் சொன்னாள்.

நான் எழுந்து சங்கிலியை மண்ணில் போட்டேன். துரையின் கூடாரத்துப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அன்னாசித் தோட்டத்துச் சீனனிடம் ஓடி அவனுடைய மாட்டுவண்டியைக் கேட்டேன். பழம் ஏற்றிவைத்திருந்ததை அவன் உடனே இறக்கினான். வைக்கோல் பரப்பி அவளைப் படுக்கவைத்து, ராசுவை மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். பதினாலு கல் தூரம். வெயில் ஏற ஏற அவள் பிதற்றத் தொடங்கினாள். பானைகளை எண்ணினாள். ஒன்று குறைகிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

புக்கிட் தீமா ஏழாம் கல்லில் அன்னம் இருக்கும் இடத்தைக் கடந்தோம். முள்வேலி சாய்ந்து கிடந்தது தெரிந்தது. ராசு, வண்டியை நிறுத்தச் சொன்னான். நான் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது மாலையாகிவிட்டது. ஒரு நாள் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். கொயினா மருந்து கொடுத்துக் கொடுத்து அவள் காது அடைத்துவிட்டது, இப்போது பரவாயில்லை. ஆறாம் நாள் எழுந்து உட்கார்ந்து, ராசு எங்கே, யார் அவனுக்குச் சோறு போடுகிறார்கள் என்று கேட்டாள். அவனைச் சாகுல் ஹமீதின் மனைவி சம்சுன்னிசா வைத்திருந்தார். அந்த அம்மாளுக்கு நான் காலம் முழுக்கக் கடமைப்பட்டவன்.

இனி எழுதவேண்டியதுதான் முக்கியம்.

அவள் பிழைத்துவிடுவாள் என்று தெரிந்ததும் கிராஞ்சிக்குப் போனேன், என் சாமான்களை எடுத்துக்கொண்டு வரலாம் என்று. சொல்லாமல் வேலையைப் போட்டுவிட்டு ஓடியவனுக்கு இனி அங்கே என்ன இருக்கிறது? துரை கூடாரத்துக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று மலாயில் கேட்டார். சொன்னேன். பிறகு தன் வண்டி நிற்கும் இடத்தைக் கையால் காட்டிக் கேட்டார்: "என் வண்டி இங்கேதானே நின்றது? குதிரை வண்டி சீக்கிரம் போயிருக்குமே. ஏன் என்னிடம் கேட்கவில்லை?"



பூவம்மா, மாசி மாதத்தில் புக்கிட் தீமாவிலும் அந்த வண்டி அவர் கூடாரத்துப் பக்கத்தில்தான் நின்றது. அன்னத்துக்குக் காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள், பட்டணத்துக்குக் கொண்டுபோகலாம், துரையிடம் கேளுங்கள் என்று நீ சொன்னாய். நான் போனேன். அவர் கூடாரத்து வாசல் வரை போனேன். உள்ளே இன்னொரு துரையோடு பேசிக்கொண்டிருந்தார். தலைமைச் சங்கிலிக்காரன் வேலையை அடுத்த வாரம் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியும். இந்த நேரத்தில் லீவு கேட்டால் என்ன நினைப்பார் என்று நின்றேன். பிள்ளைக்குக் காய்ச்சல்தானே, இரண்டு நாளில் இறங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்து, துரை விடவில்லை என்று உன்னிடம் சொன்னேன்.

அவர் விடவில்லை என்பது பொய். நான் கேட்கவே இல்லை.

நீ அன்றைக்கு அவரைத் திட்டித் தீர்த்தாய். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். பிறகு அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. நீ என்னை நம்பாமல்தான் பேச்சை நிறுத்தினாயோ, துக்கத்தில் நிறுத்தினாயோ, எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். துறைமுகத்தில் பிள்ளைகளை அனுப்பமாட்டேன் என்றதற்கு உன் கர்ப்பத்தைக் காரணம் காட்டினேன். அதுவும் பொய். பிள்ளைகள் என்னிடம் இருந்தால் நீ எப்படியும் திரும்பி வருவாய் என்று கணக்குப் போட்டேன். கிராஞ்சிச் சேற்றில் அவர்களை வைத்திருந்தது அதற்காகத்தான். உன்னைக் கட்டி இழுக்கும் கயிறாக என் பிள்ளைகளை வைத்திருந்தேன். அதற்கும் கண்மணியின் உயிரைத்தான் விலையாகக் கொடுக்கப் பார்த்தேன்.

அதனால் அனுப்பிவிடுகிறேன். சாகுல் ஹமீது நாகூர்க் கந்தூரிக்குக் குடும்பத்தோடு புறப்படுகிறார். பினாங்கு வழியாகப் போகும் கப்பல். சம்சுன்னிசா அம்மாள் இருவரையும் தன் பக்கத்திலேயே படுக்கவைத்துக் கூட்டிவந்து, உன் வீட்டு வாசலில் விட்டுவிட்டுத்தான் நாகூர் போவேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கண்மணிக்குக் காய்ச்சல் திரும்பி வரலாம் என்று டாக்டர் சொன்னார். மருந்து மூட்டையில் இருக்கிறது. ராசுவாக இருந்தால் கசப்பு என்று துப்புவான், அவள் துப்பமாட்டாள். அதுதான் பயம். உடம்புக்கு என்ன வந்தாலும் அவள் வாய் திறக்கமாட்டாள். அவளாகச் சொல்லுவாள் என்று காத்திருக்காதே. தினமும் நீயே தொட்டுப் பார். அவளை வேலை செய்யவிடாதே. முதலில் உட்காரமாட்டாள். பிடித்து உட்காரவை. ஒரு குழந்தையைப் போல இருக்க அவளுக்கு நீதான் மறுபடியும் கற்றுக்கொடுக்கவேண்டும். நான் கெடுத்ததை என்னால் சரிசெய்ய முடியாது.

வேலை என்னிடமே இருக்கிறது. துரை போகச் சொல்லவில்லை. அது எனக்கு அடியைவிட வலிக்கிறது. கார்த்திகை வரை கிராஞ்சியில் இருப்பேன். போகும் வழியில் ஏழாம் கல்லில் இறங்கி வேலியைக் கட்டிவிட்டுப் போவேன். அங்கே உட்கார்ந்து அன்னத்திடமும் இதைச் சொல்லவேண்டும்.

பாதை வேலை முடிந்ததும் கூடாரத்தோடு அலைவதை விட்டுவிடுகிறேன். தேக்காவில், மாட்டுக்கொட்டடிகளுக்குப் பின்புறம், ஓடு வேய்ந்த ஒரு வீட்டில் இரண்டு அறை காலியாகப்போகிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். ஒழுகவில்லை. ஜன்னல் கிழக்குப் பார்த்து இருக்கிறது. கிணறு வாசலிலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். ஒரு சேதிக்காக எழுதுகிறேன். வா என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

கடிதம் போடுவதாக இருந்தால் கிராஸ் ஸ்திரீட் கடைக்கே போடவும். சாகுல் ஹமீது இல்லாவிட்டாலும் கடையில் ஆள் இருக்கும். ஞாயிறுதோறும் நடந்துவந்து கேட்டுப் பார்ப்பேன்.

நீயும் நம் மூன்று பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழவேண்டும்.

தங்கராஜு