துறையில் ஓடுகிறது, கடலில் நின்றுவிடுகிறது

மார்ச் 3, செவ்வாய்

படகின் டீசல் வடிகட்டியை மாற்றினேன். ஏர் எடுத்தேன் — மேல் திருகைத் தளர்த்தி, நுரை போய் வெறும் டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்தேன். எஞ்சின் ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது. துறையில் கட்டிப்போட்டபடியே ஒரு மணி நேரம் ஓடியது. ஒரு இருமல்கூட இல்லை.

நேற்று கடலில் இதே எஞ்சின் இருபத்தாறாவது நிமிடத்தில் படுத்துவிட்டது. பாயை ஏற்றித் திரும்பினோம்.

துறை அலுவலகக் கடிதம் வந்து நாலு நாளாகிறது. இந்த மாதம் 31-க்குள் பாய் ஏற்றாமல், எஞ்சினால் மட்டும் இரண்டாம் மிதவை வரை போய்த் திரும்பிக் காட்ட வேண்டும். தவறினால் துறையில் படகு கட்டும் இடம் ரத்து. மிதவைக்குப் போகவே நாற்பது நிமிடம். இடம் போனால் படகை வைக்க வேறு துறை இல்லை. உடைப்பவர்களிடம்தான் தர வேண்டும். இருபத்திரண்டு வருஷம் எங்களோடு இருக்கிறது. வந்தபோதே அதற்கு நடுவயது.

இவர் மெதுவாக ஆரம்பித்தார். "தம்பிய ஒரு தடவ கூப்பிட்டுக் காட்டினா என்ன?"

"எந்தத் தம்பி?" என்றேன்.

பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு இவரால் பேப்பர் படிக்க முடியாது.

மார்ச் 4, புதன்

புது நோட்டு என்பதால் ஒரு தடவை தெளிவாக எழுதி வைக்கிறேன். பிறகு இதைப் பற்றிப் பேச்சில்லை.

போன வருஷ மழையில் டேங்குக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. இவருடைய தம்பி, என் கொழுந்தன், எஞ்சின் வேலை தெரிந்தவன். பம்பைக் கழற்றிக் கழுவி மாட்டினான். தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று யோசித்தானா? நான் யோசித்தேன். படகின் பின்பக்கம், ஓரமாக, சுண்டுவிரல் நுழையும் அளவு ஒரு ஓட்டை. எதற்கென்று தெரியாத ஓட்டை. அதை நானே பட்டி வைத்து அடைத்து, மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். அன்றிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. படித்தவனுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் கடலுக்குப் போனோம். எஞ்சின் நின்றது. பாறைக்குப் பக்கத்தில், காற்றே இல்லாத நேரத்தில். மீன்பிடி படகு ஒன்று கயிறு போட்டு இழுத்து வந்தது. துறை முழுக்க நின்று வேடிக்கை பார்த்தது. பம்பைத் தொட்டது அவன். பம்பைத் தொட்ட பிறகுதான் நின்றது. அலுவலகப் பதிவேட்டில் எழுதினேன்: "பழுது பார்த்தவரின் கவனக்குறைவு." பலகையில் மெக்கானிக்குகள் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. உண்மையை எழுதினேன், அவ்வளவுதான்.

"பம்புல ஒண்ணுமில்ல அண்ணி, கோளாறு வேற எங்கயோ இருக்கு, என்னய பாக்க விடுங்க" என்றான். அவனிடமிருந்த படகுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

இந்த நோட்டில் அவன் மெக்கானிக். வேறு உறவு எழுதப்போவதில்லை.

மார்ச் 6, வெள்ளி

கடல். 24 நிமிடம். நின்றது.

மார்ச் 7, சனி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் மெஷின் ஓட்டினேன். ஆள் வரக் காத்திருந்தால் துணி மலையாகிவிடும் என்று நானே கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டேன். அங்கே ஒரு பழக்கம் உண்டு: இன்று என்ன செய்தோம், எத்தனை நிமிடம் ஓடியது, பக்கத்தில் என்னென்ன திறந்திருந்தது, மூடியிருந்தது, எல்லாம் எழுதி வைப்பது. அதையே இங்கும் செய்கிறேன்.

துறையில் சோதனை. தொடங்கும்போது டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டு டீசல் அளவு பார்த்தேன்: பாதிக்கு மேல். ஐம்பத்தைந்து நிமிடம் ஓட்டி நானே நிறுத்தினேன். மறுபடி குச்சி விட்டு, மூடியை மூடினேன். எஞ்சின் நன்றாக இருக்கிறது.

அப்படியானால் கடலில் என்ன? குலுக்கல். டேங்கின் அடியில் கிடக்கும் அழுக்கு குலுங்கி எழுந்து குழாயை அடைக்கிறது. அதுதான்.

மார்ச் 11, புதன்

டேங்கைக் காலி செய்து, கழற்றி, கழுவினேன். மூன்று நாள் வேலை. கை நுழைகிற இடத்தில் தோள் நுழையவில்லை, தோள் நுழைந்த இடத்தில் விளக்கு நுழையவில்லை. இவர் மேலே உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். பதிமூன்று கேட்டால் பதினாலு வரும்.

"பதிமூணு கேட்டேன்."

"ஒண்ணு கூடவே குடுத்திருக்கேன், வச்சுக்க."

அடியில் ஒரு கரண்டி கசடு இருந்தது. அவ்வளவுதான். இன்னும் நிறைய இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 14, சனி

புது டீசல் கழுத்துவரை நிரப்பினேன். நிரப்பும்போது குபுக் குபுக்கென்று மேலே பொங்கி என் புடவையில் கொட்டியது. முன்பெல்லாம் இப்படிப் பொங்காது. வயதான டேங்க்.

மூடியை இறுக்கிக் கடலுக்குப் போனோம். பதினோரு நிமிடம்.

சுத்தமான டேங்க், சுத்தமான டீசல், நிறைய டீசல். பதினோரு நிமிடமா? என்ன கணக்கு இது? நிறைய இருந்தால் சீக்கிரம் நிற்குமா?

அளவு பார்க்க மூடியைத் திருகியபோது உஸ்ஸென்று ஒரு சத்தம். "உன் டேங்க் பெருமூச்சு விடுது பாரு" என்றார் இவர்.

"அதுக்காவது என் கஷ்டம் புரியுது."

மூடியை இறுக்கிவிட்டு ஏர் எடுத்தேன். பிடித்தது. அலைதடுப்புச் சுவர் தாண்டி மறுபடி நின்றது. பாய்.

மார்ச் 16, திங்கள்

ஹார்டுவேர் கடை. டீசல் குழாய்க்கு கிளாம்ப் வாங்கப் போனேன். எங்காவது காற்று இழுக்கிறதா என்று எல்லா இணைப்பையும் புதிதாக்கிவிடலாமென்று. மெக்கானிக் அங்கே நின்றுகொண்டிருந்தான். என்னிடம் பேசினால் பதில் வராது என்று தெரியும். கடைக்காரரைப் பார்த்துப் பேசினான்.

"அண்ணே, ஒரு எஞ்சின் பட்டுனு நின்னா அது வேற. திணறித் திணறி நின்னா டீசல் கிடைக்காம பட்டினியில நிக்குதுன்னு அர்த்தம்."

நானும் கடைக்காரரைப் பார்த்தேன். "கிளாம்ப் எட்டு குடுங்க. அறிவுரை வேண்டாம், வீட்டுல நிறைய இருக்கு."

"எட்டா, பத்தா?" என்று கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார், பாவம்.

அவன் கொஞ்சம் இளைத்திருக்கிறான். துறை வேலை இல்லையாம், லாரி ஷெட்டுக்குப் போகிறானாம். கடைக்காரர்தான் சொன்னார். நான் கேட்கவில்லை.

திணறித்தான் நிற்கிறது.

மார்ச் 19, வியாழன்

எட்டு கிளாம்ப், இரண்டு முழம் புதுக் குழாய். கடல். பன்னிரண்டு நிமிடம்.

ஒரு நிமிடம் லாபம்.

மார்ச் 21, சனி

இவர் இன்று நேராகச் சொல்லிவிட்டார். "படகு போனா போகட்டும். நீ ராத்திரி தூக்கத்துல ஸ்பேனர் நம்பர் சொல்ற."

ஸ்பேனர்களை எண்ணிப் பெட்டியில் போட்டேன். பதில் சொல்லியிருந்தால் — படகு போனால் நாம் இரண்டு பேரும் அந்த இரண்டு ரூமில் எதிர் எதிரே உட்கார்ந்து என்ன செய்வோம்? உங்கள் கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை. சுக்கானைப் பிடித்தால் மட்டும் காற்று எந்தப் பக்கம் என்று கன்னத்திலேயே தெரிகிறது. அங்கே மட்டும்தான் நீங்கள் யாரையும் தடவிப் பிடித்து நடப்பதில்லை. இதை எப்படி வாயால் சொல்வது?

மார்ச் 24, செவ்வாய்

ஏழு நாள் இருக்கிறது. புதிதாக மாற்ற ஒன்றும் மிச்சமில்லை. அதனால் நோட்டை எடுத்து முதலிலிருந்து படித்தேன்.

துறையில் ஓடுகிறது, கடலில் நின்றுவிடுகிறது. குலுக்கல் என்று எழுதியிருக்கிறேன். ஆனால் 14-ஆம் தேதி கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி இருந்தது. குலுக்கலே இல்லை.

வேறு என்ன வித்தியாசம்?

7-ஆம் தேதி: தொடங்கும்போது மூடியைத் திறந்தேன். முடிந்த பிறகு மூடியை மூடினேன். அப்படியானால் நடுவில் ஐம்பத்தைந்து நிமிடமும் மூடி எங்கே இருந்தது? என் மடியில். 3-ஆம் தேதியும் அப்படித்தான். கடலில்? அலைத் தண்ணீர் தெறிக்கும் என்று இறுக்கி மூடியிருந்தேன்.

மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு துறைக்குப் போனேன். மூடியைத் திறந்து வைத்து ஓட்டினேன்: நாற்பது நிமிடம், நான் நிறுத்தும்வரை ஓடியது. மூடிவிட்டு ஓட்டினேன்: பன்னிரண்டு நிமிடம், திணறல், நின்றது. திறந்தேன். உஸ். ஏர்கூட எடுக்கவில்லை, இரண்டு தடவை சுற்றியதும் பிடித்தது.

டேங்குக்குள் காற்று போகவில்லை. டீசல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்கே டீசலை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. நிறைய டீசல் இருந்தால் மேலே காற்று கொஞ்சம்தான், அது சீக்கிரம் தீர்ந்துவிடும். பதினோரு நிமிடம்.

எஞ்சின் புத்தகத்தில் சோதனைப் பட்டியலின் மூன்றாவது வரி: டேங்கின் காற்றுத் துளை திறந்திருக்கிறதா? அதற்கு நேரே என் பென்சில் எழுத்து: "மூடியில் இருக்கும். சரி." மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அதில் துளையே இல்லை.

டேங்கின் தலையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்புகிறது. டேங்கைக் கழற்றியபோது அதையும் கழற்றி மாட்டியிருக்கிறேன், எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. கையை விட்டுத் தடவிக்கொண்டே போனேன். படகின் பின்பக்கம் போய், ஓரத்தில் முடிந்தது. வெளியே வந்து அந்த இடத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பெயின்ட்.

கத்தியால் சுரண்டினேன். பெயின்டுக்கு அடியில் பட்டி. பட்டியில் அமுக்கிய கட்டைவிரல் ரேகை. என்னுடையது.

மார்ச் 25, புதன்

ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 26, வியாழன்

துளையைத் திறந்து, மூடியை இறுக்கி ஓட்டினேன். ஒரு மணி பத்து நிமிடம். இவரிடம் சரியாகிவிட்டது என்றேன்.

"என்னவாம்?"

"டேங்கில் அடைப்பு."

"எப்படி அடைச்சுது?"

தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

மார்ச் 30, திங்கள்

சோதனை. அலுவலகத்துப் பெண் அட்டையும் பேனாவுமாக ஏறினாள்.

"எஞ்சினுக்கு யாருங்கம்மா?"

"நான்."

"ஓட்டுறது?"

"இவர்."

இவருடைய கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள். "மிதவை எங்க இருக்குன்னு தெரியுமாங்கய்யா?"

"இருபத்திரண்டு வருஷமா அங்கதாம்மா இருக்கு" என்றார்.

போக முப்பத்தெட்டு நிமிடம், வர நாற்பத்திரண்டு. எஞ்சின் ஒரே சுருதியில் ஓடியது. நான் மூடி மேலேயே உட்கார்ந்திருந்தேன். இவர் மிதவையைச் சுற்றித் திருப்பியபோது அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

இடம் உறுதி. ஒரு படிவம் கொடுத்தாள். "முந்தைய கோளாறின் காரணம்" என்று ஒரு கட்டம். "காற்றுக்குழாய் அடைப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லை.

ஏப்ரல் 1, புதன்

பொய் இல்லை. ஆனால் சலவைக்கூடத்தில் யாராவது இப்படி அரைகுறையாக எழுதியிருந்தால் தாளை முகத்தில் எறிந்திருப்பேன். எது அடைத்தது? யார் அடைத்தது?

பம்பைக் கழுவியது தவறு என்று ஒரு வருஷம் சொன்னேன். அந்தப் பம்ப்தான் போன திங்கள் எண்பது நிமிடம் ஓடியது. அவன் கழுவியதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

அலுவலகம் திறக்கும்போது போய் நின்றேன். படிவத்தைத் திரும்பக் கேட்டேன். கட்டத்தில் இடம் இல்லை, ஓரத்தில் எழுதினேன்: "அடைத்தது உரிமையாளர். பட்டி வைத்து." பிறகு போன வருஷப் பதிவேட்டைக் கேட்டேன். என் வரியை அடிக்கக் கூடாதாம், விதி. சரி, அதற்குக் கீழே எழுத விதி இருக்கிறதா? இருந்தது. "மேற்கண்டது தவறு. பம்ப் வேலை சரியாக இருந்தது."

அந்தப் பெண் படித்தாள். "பலகையில பேரு திரும்பச் சேத்துடட்டுமாம்மா?"

"அது உங்க வேலை. எங்கிட்ட ஏன் கேக்கறீங்க?"

அவள் பலகையில் எழுதி முடிக்கும்வரை நின்றேன். எழுத்துப் பிழை செய்கிறாளா என்று பார்க்க.

ஏப்ரல் 11, சனி

தம்பி வந்தான். கேட்காமலே ஏறினான், செருப்பைக் கழற்றிவிட்டு. பலகையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கையில் வளைந்த செம்புக் குழாய் ஒன்று.

"வாயக் கீழ பாத்து வச்சுட்டா மழ எறங்காது அண்ணி. காத்தும் போகும்."

"போன வருஷமே இதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"போன வருஷம் சாவியப் பிடுங்கிட்டீங்களே."

இவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

குழாயை எந்த இடத்தில் வைப்பது என்பதில் ஒரு மணி நேரம் தகராறு. அவன் இடப்பக்கம் என்றான். நான் வலப்பக்கம் என்றேன். வலப்பக்கமே வைத்தோம். இப்போது பாய்க்கயிறு அதில் மாட்டுகிறது.

நாளைக் காலை வந்து மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறான். நான் வர வேண்டியதில்லை, சாவி அவனிடம் இருக்கிறது. ஆனாலும் போவேன். இடப்பக்கம் எத்தனை அங்குலம் தள்ளி என்று அவனுக்குத் தெரியாது.