தாபரிப்பு வழக்கு நாள்

செவ்வாய்க்கிழமை, இரவு

ஐந்து வருஷத்துக்குப் பிறகு இன்றைக்கு என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், கண்டி நீதிமன்றத்தில். மகளின் செலவுக்குப் பணம் கேட்டு நான் போட்ட தாபரிப்பு வழக்குக்கு வராமலே இருந்தார். பிடியாணை போன பிறகு பொலிஸ் கூட்டி வந்தது.

கோபமாகத்தான் போனேன். ஆனால் அவர் கூண்டில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றதைப் பார்த்ததும் கலஹா பஸ் ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் கலஹாவில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போவோம். வளைவுகளில் எனக்குக் குமட்டும். ஓடிப்போய் ஜன்னல் சீட்டைப் பிடித்துவைப்பார். மணந்து பார்க்கச் சொல்லி ஒரு தேசிக்காயைக் கையில் தந்துவிட்டு, வழி முழுக்க என் பக்கத்தில் நின்றுகொண்டே வருவார். அந்த மனுஷன்தான் கொழும்பில் வேலை என்று போய், திரும்பி வராமலே இருந்தவர்.

நீதவான் கேட்டதும் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். இனி மாதாமாதம் அவர் சம்பளத்திலேயே பிடித்து மகளுக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவானது. நானும் மகளும் இருக்கும் மஹய்யாவ வீட்டு வாடகைக்கு இனி அண்ணனிடம் போய் நிற்க வேண்டாம். எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும்.

வெளியே வராந்தாவில் என் பக்கத்தில் வந்தார்.

"பாப்பா இன்னும் விரல் சூப்புறாளா?"

"அவளுக்கு ஒன்பது வயசாகுது. எப்பவோ விட்டுட்டா."

"எப்ப விட்டா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். காலையில் கடை வேலைக்குப் போய், அவள் தூங்கின பிறகு வீட்டுக்கு வந்த வருஷங்கள் அவை. யோசித்து யோசித்துப் பார்த்தேன்.

"எனக்கும் தெரியல்ல" என்றேன்.