கண்ணை மூடிக்கொண்டு சொன்னவை

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய அப்பா,

நீங்கள் போய் ஓராண்டு தாண்டிவிட்டது. சில மாதங்களுக்கு முன் தம்பி சாமுவேல் ஈப்போவில் தன் வீட்டிலேயே உங்களுக்கு நினைவு ஜெபம் வைத்தான். தோட்டத்தில் வைக்க வழியில்லை. நீங்கள் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை நட்டுவிட்டார்கள். ஞாயிறுதோறும் நீங்கள் ஆராதனை நடத்திய சிற்றாலயத்தில் இப்போது உர மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்களில் பலர் ஈப்போவில் புந்தோங் பக்கம் குடிவந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் உங்களை ஜெபவீரர் என்றார்கள். நான் கோப்பி ஊற்றிக் கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் ஜெபத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர் அங்கே யார்?

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பல்கலைக்கழகம் முடித்து, ஈப்போவில் ஆசிரியையாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் சிற்றாலயத்தில் முன்னால் இரண்டு பெஞ்சுகள், அலுவலகத்தார் குடும்பங்களுக்கு. பால்வெட்டும் சனங்கள் பின்னால் பாயில். அப்படி உட்கார வேண்டும் என்று எந்த வேதத்திலும் இல்லை. அன்று நான் பெஞ்சுக்குப் போகாமல் பால்வெட்டும் ஞானம்மா அக்கா பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். பெரிய புரட்சி ஒன்றுமில்லை. அவரோடு பேசி நாளாகியிருந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்தீர்கள். ஜெபிக்க எழுந்தீர்கள், கண்ணை மூடினீர்கள். "ஆண்டவரே, படிப்பினால் மேட்டிமை கொண்ட பிள்ளைகளைத் தாழ்த்தும். பெற்றோரைச் சபை நடுவில் தலைகுனிய வைக்கும் பிள்ளைகளை உணர்த்தும்."

ஞானம்மா அக்கா முழங்கையால் இடித்தார். "தங்கச்சி, கிராணி ஐயா ஒன்னையத்தான் சாமிகிட்ட கோள் சொல்றாரு லா."

மதியம் சாப்பிடும்போது நீங்கள் என்னிடம் கேட்டது, "பஸ் எத்தன மணிக்கும்மா? இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்க." குரலில் அத்தனை கனிவு. ஏன் அங்கே போய் உட்கார்ந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் பதிலை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அதன்பின் உங்கள் ஆராதனைக்கு நான் வரவில்லை. சனிக்கிழமை வந்து உங்களையும் அம்மாவையும் பார்த்துவிட்டு, ஞாயிறு விடியலில் முதல் பஸ் பிடித்துவிடுவேன். சனி மாலைக் குடும்ப ஜெபத்தில் மட்டும் மாட்டிக்கொள்வேன். "தூர தேசம் போன பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவாரும்." ஒரே பஸ்ஸில் வந்துவிடும் ஈப்போ உங்களுக்குத் தூர தேசமாகிவிட்டது!

அம்மாவை அடக்கம் செய்த நாளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. குழி மூடப்படுவதற்கு முன் நீங்கள் ஜெபித்தீர்கள். "இந்தத் தாய் சிந்திய கண்ணீருக்காவது வழிதப்பிய மகளை மீட்டுக்கொள்ளும்." எத்தனை பேர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் திறந்துதான் வைத்திருந்தேன். அம்மாவுக்காக அழ எனக்கு மிச்சமிருந்த இடத்தையும் அன்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

ஜெபத்துக்கு எதிர்வார்த்தை கிடையாது, அப்பா. மறுத்துப் பேசினால் உங்களை அல்ல, ஆண்டவரையே மறுத்ததாகிவிடும். என்னைக் குற்றவாளியாக்கி நீங்கள் முடித்த ஒவ்வொரு ஜெபத்துக்கும் நானே ஆமென் சொன்னேன். இது என்ன நியாயம்?

நினைவு ஜெபத்துக்கு வருகிறேன். சாமுவேலின் மகள் எஸ்தரை நினைவிருக்கிறதா? பார்வை கூர்மையான பெண். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டாள். சபையார் முன் எழுந்து நின்று விசுவாசத்தை அறிக்கையிடும் திடப்படுத்தலுக்கு இந்த ஆண்டு அவள் பெயர் கொடுக்கவில்லை. வீட்டில் ஒரே புகைச்சல். ஆனால் அதைப் பற்றி அவளிடம் யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

சாமுவேல் ஜெபிக்க எழுந்தான். முதலில் உங்களுக்காக நன்றி சொன்னான். பிறகு குரல் மாறியது. அது உங்கள் குரல்.

"ஆண்டவரே, இந்த வீட்டுலயும் ஒரு பிள்ள மனசக் கடினப்படுத்திக்கிட்டு இருக்கு. அதோட தாத்தாவோட ஜெபத்த நெனச்சாவது, கூட்டாளிங்க பேச்சக் கேட்டுக் கெட்டுப்போவாம..."

எஸ்தர் கண்ணைத் திறந்துவிட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. ஒரு கதவு மெல்லச் சாத்தப்படுவது போலிருந்தது. இன்னும் இரண்டு வாக்கியம் போனால் அது பூட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை ஆண்டு இருக்கலாம் என்பதும் தெரியும்.

"ஆமென்" என்றேன்.

சத்தமாகவே சொன்னேன். உங்கள் சனங்களின் பழக்கம் வீண்போகவில்லை. ஒரு குரல் ஆமென் சொன்னால் எல்லாக் குரலும் சொல்லும். வீடே சேர்ந்து ஆமென் என்றது. கண்கள் திறந்தன, நாற்காலிகள் நகர்ந்தன. சாமுவேல் மட்டும் பாதிப் பேச்சோடு நின்றான்.

"அக்கா, நான் இன்னும் முடிக்கல."

"ஆண்டவர்கிட்ட சொல்ல வேண்டியத முடிச்சிட்ட தம்பி. மிச்சம் ஒம் பொண்ணுகிட்ட சொல்ல வேண்டியது. அவ இங்கதான் இருக்கா, காது நல்லாக் கேக்கும்."

"அப்பா நெனவு நாள்ல இப்பிடியா பண்ணுவாங்க? எல்லாருக்கும் முன்னால என்னைய..."

"எல்லாருக்கும் முன்னாலதான நீயும் ஆரம்பிச்ச?"

ஞானம்மா அக்கா தட்டை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நல்லாப் போச்சு. பிரியாணி ஆறிடும்னு நெனச்சேன் லா."

எல்லாரும் போனபின் சாமுவேல் மகளுக்கு எதிரே உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டால் அருவியாகப் பேசுகிறவனுக்கு, திறந்துகொண்டு ஒரு சொல் வரவில்லை. மேசை விரிப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்தான். கடைசியில், "ஏம்மா பேர் கொடுக்கல?" என்றான்.

"எழுந்து நின்னு விசுவாசிக்கிறேன்னு சொல்லணும்ல. எனக்கு அது இன்னும் முழுசாத் தெரியலப்பா. தெரியாமச் சொன்னா பொய்தான? ஆண்டவர்கிட்டயே பொய் சொல்லச் சொல்றீங்களா?"

அவனுக்குக் கோபம் வந்தது, முகம் சிவந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பா. அவன் எழுந்து போகவில்லை. அந்த அளவுக்காவது உங்களைவிடத் தேறியிருக்கிறான்.

திடப்படுத்தல் ஞாயிறு வந்து போனது. எஸ்தர் அந்த வரிசையில் நிற்கவில்லை. சபையில் பேசிக்கொண்டார்கள். இப்போது சனிக்கிழமை பிற்பகல்களில் அவள் என் வீட்டுக்கு வருகிறாள். சுவிசேஷத்தில் ஒரு அதிகாரம் வாசிக்கிறோம். புரியாததைக் கேட்கிறாள். எனக்கும் புரியாவிட்டால் புரியவில்லை என்கிறேன். பல வாரம் அப்படியே முடிகிறது. ஆனால் மறுவாரமும் வருகிறாள். விசுவாசத்தில் வளர்வது என்று நீங்கள் பிரசங்கித்ததெல்லாம் பெரிய மரங்களைப் பற்றி. நான் கண்ட அளவில் அது இவ்வளவு சிறியது: கேட்டவளை விரட்டாமல் இருப்பது, மறுபடி உட்கார்ந்து வாசிப்பது.

போன சனிக்கிழமை புத்தகத்தை மூடிவிட்டு அவள் கேட்டாள். "அத்தை, நீங்க ஜெபம் பண்ணுவீங்களா?"

இதை என்னிடம் முதலில் கேட்டது அவள்தான்.

"தெனமும். காலையில ஸ்கூலுக்குக் கெளம்பறதுக்கு முன்ன. கொஞ்ச நேரந்தான்."

"ஞாயித்துக்கிழம?"

"இங்க டவுன் சபையில, கடைசி வரிசையில. தோட்டத்துலருந்து முதல் பஸ்ஸு புடிச்சி வந்ததே அதுக்குத்தான்."

"அப்ப தாத்தா எதுக்கு இத்தன வருசமா..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். நல்ல பிள்ளை. இறந்தவர்களைப் பற்றி எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, பாருங்கள்.

எதற்கு, அப்பா? சாகும்வரை என்னை ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, ஒரு தடவை என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா? நீங்கள் கண்ணீர் விட்டுக் கேட்ட பிள்ளை சமையலறையில் உங்களுக்குக் குழம்பு சுடவைத்துக்கொண்டிருந்தது. அதை அறியாமலேயே போய்விட்டீர்கள். இதில் எனக்கு ஆறுதல் எதுவும் இல்லை. ஆறுதல் சொல்ல வருகிறவர்களையும் எனக்குப் பிடிப்பதில்லை.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். எஸ்தருக்காக ஜெபிப்பேன், அவள் காதில் விழாத இடத்தில். அவளிடம் சொல்ல வேண்டியதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். உங்கள்மேல் உள்ள கோபத்தையும் இனி ஆண்டவரிடம் கொண்டுபோக மாட்டேன், உங்களிடமே சொல்வேன், இப்போது போல. நீங்கள் கேட்காததற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் எங்கும் போகவில்லை, அப்பா.

உங்கள் மூத்த பெண்,
லீதியா