கதிரைக் கையில் ஒரு தட்டு

ஒலிப்பதிவுக் கருவியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி பல்கலைக்கழக வளாகத்திலிருந்து அழைத்திருக்கிறார்கள். ஆய்வேடு கட்டியாகி, கையெழுத்தும் வாங்கி, அலுமாரியில் ஏறிவிட்டது. இனி அந்தக் கருவி அடுத்து வரும் பிள்ளைகளுக்கு. துடைத்துப் பெட்டியில் வைப்போம் என்று இன்று காலை எடுத்தேன். ஒலிவாங்கியின் தலையில் நீ மாட்டிவிட்ட கறுப்புப் பஞ்சுத் தொப்பி இன்னும் இருந்தது. கற்பிட்டிக் காற்று பதிவுக்குள் இரையக்கூடாது என்று நீயே தேடி வாங்கியது. அதைக் கழற்றியதும் உன் அத்தர் மணத்தது.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அதற்குப் பிறகு எத்தனை வீட்டு அடுப்புப் புகையும் கருவாட்டு மணமும் அந்தப் பஞ்சுக்குள் போயிருக்கும்! அத்தர் மட்டும் எப்படி மிஞ்சியது என்று உன்னிடம் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "முதல்ல வேற ஆரையாச்சும் மணந்து பாக்கச் சொல்லு புள்ள. என்ன மணம் எண்டு மட்டும் அவகிட்டச் சொல்லிராத."

நான் யாரிடமும் கொடுக்கவில்லை. தொப்பியைத் திரும்ப மாட்டிவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை வகுப்புக்குப் புத்தளத்திலிருந்து வரும் பேருந்தில் நீ முதலே ஏறி, சிலாபத்தில் ஏறும் எனக்காகப் பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டு நடத்துநருடன் சண்டை பிடித்தபடி வருவாய். உன் சிங்களத்தைக் கேட்டால் சண்டை எதற்கு என்றே அந்த மனிதனுக்கு விளங்காது. நான் ஏறித்தான் சமாதானம் பேசவேண்டும். "முன்னேஸ்வரத்துக்காரி வந்திட்டா, இனி இவவோட கதையுங்க" என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். உளவியல் ஆய்வு முறைகள் படிக்கப் போகிற இருவரில் ஒருத்திக்கு ஒரு நடத்துநரின் உளவியல்கூடப் பிடிபடவில்லையே என்று நான் கேலி செய்வேன்.

வகுப்பில் எல்லோரும் புள்ளிவிபரத்துக்குப் பயந்தார்கள். நீ பயந்தது நினைவுக்கு. மன்னாரிலிருந்து உன் குடும்பம் துரத்தப்பட்டு வந்தபோது நீ கைக்குழந்தை. யாராவது பரிதாபமாக, "உங்களுக்கு அந்த ஊர் ஞாபகம் இருக்கும்தானே" என்றால் முகம் சிவந்துவிடும் உனக்கு. "அது உம்மாட ஞாபகம். என்ட இல்ல. ரெண்டையும் கலக்காதீங்க" என்பாய். அந்தக் கறார் எனக்குச் சில நேரம் எரிச்சலாக இருந்தது. பெரும்பாலும் அதற்காகவே உன்னோடு சேர்ந்தேன்.

கடலுக்குப் போய்த் திரும்பாத ஆண்களின் வீட்டாரிடம் நேர்காணல் எடுப்பது என்று இருவருமாக முடிவு செய்தோம். ஒரே தரவு, இரண்டு ஆய்வேடுகள். நீ கேட்பாய். நான் பக்கத்தில் இருந்து கவனித்து, பிறகு பதிவை எழுத்தாக்குவேன். சொந்தப் பெயர் எங்கும் வரக்கூடாது என்பதால் வாசலில் நிற்கும் மரத்தின் பெயரையே வீட்டுக்காரருக்கு வைத்தாய். உங்கள் வழக்கில் அண்ணன் நானா, அக்கா ராத்தா. ஆகவே முருங்கை நானா, வேம்பு மாமி, பூவரசு ராத்தா.

உன்னிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஒன்று, விடைபெற்று வீதிக்கு வரும்வரை கருவியை நிறுத்தமாட்டாய். உண்மையான கதை செருப்பு மாட்டும்போதுதான் வரும் என்பது உன் கட்சி. மற்றது அந்தத் தட்டு. கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாய், இடக்கைச் சுட்டுவிரலால், உட்கார்ந்திருக்கும் கதிரையின் கையில் ஒரே ஒரு தட்டுத் தட்டுவாய். அது எனக்கு. வெறும் இடைவெளி என்று எண்ணி எழுதாமல் விட்டுவிடாதே, நான் வேண்டுமென்றேதான் பேசாமல் இருக்கிறேன் என்பதற்கு அடையாளம். மெல்லிய சத்தம்தான். காதில் இயர்போன் இருந்தால் தப்பாது. நான் அந்த இடத்தில் 'காத்திருக்கிறோம்' என்று எழுதுவேன்.

குறிஞ்சிப்பிட்டியில் பூவரசு ராத்தாவின் வீட்டுக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? வெங்காயப் பாத்திக்கு அப்பால் காற்றாடிக் கம்பங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ராத்தா பிளேன்டீயும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாம் கேட்பதற்கு முன்பே தொடங்கினார்.

"அவர் அஸருக்குப் பிறகு வருவார் மகள். வாசல்ல நிண்டு செருமுவார். உள்ளுக்கு வாறல்ல."

"வந்து?" என்றாய். ஒரு தட்டு. பிறகு மௌனம்.

ராத்தா கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மௌத்தானவங்க திரும்பி வாறல்ல. அது எங்களுக்குத் தெரியும்தானே. இவர் வாறார். அப்ப இவர் மௌத்தாகல்ல. அதான் நான் இத்தா இருக்கல்ல."

கணவன் மௌத்தானால், அதாவது இறந்தால், மனைவி வீட்டுக்குள் இருந்து துக்கம் காக்கும் காலம்தான் இத்தா என்று எனக்கு நீ பிறகு விளக்கினாய். உடல் கரை சேரவில்லை. ராத்தா அந்தக் காலத்தைத் தொடங்கவேயில்லை. தொடங்கினால் அவர் விதவை.

அப்போது பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லி முடிந்து கொஞ்ச நேரம். யாரோ செருமினார்கள். தொண்டைக்குள் தடித்த, ஆண்பிள்ளைச் செருமல். நான் வாசலைப் பார்த்தேன். பூவரசின் நிழலைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ வாசலைப் பார்க்கவில்லை, ராத்தாவின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

விடைபெற்று வெளியே வரும்போது படலையடியில் ராத்தாவின் மகள் நம்மை மறித்தாள். "உம்மாதான் செருமுறா. அவக்கே தெரியா. தயவு செஞ்சு சொல்லிராதீங்க" என்றாள். கருவி ஓடிக்கொண்டிருந்தது.

பதிவை எழுதி முடித்ததும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், ஒவ்வொரு கூற்றுக்கும் ஓரத்தில் ஒரு சிறு பெயர் இடுவது நம் வேலை. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். அந்தச் செருமலுக்கு நான் 'மயக்கம்' என்று பெயரிட்டிருந்தேன். நீ 'வந்தார்' என்று எழுதியிருந்தாய்.

"ஆர் செருமினது?" என்று பேருந்தில் கேட்டேன்.

"ராத்தா."

"பிறகு?"

"செருமினது ராத்தா. வந்தது அவர். நீ ஒண்டைத்தான் எழுதியிருக்கிறாய்."

நான் சிரித்தேன். ஆய்வேட்டைத் திருத்தும் பரிசோதகர் இதை வாசித்தால் நம் இருவரையும் வைத்தியரிடம் அனுப்புவார் என்றேன். நீ விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விடவில்லை. பெருநாள் முடிய ஆறுதலாகப் பேசி ஒரு முடிவுக்கு வருவோம் என்று அந்த ஒரு பெயரை மட்டும் ஒத்திவைத்தோம்.

பெருநாளுக்கு முன்பே உனக்கு டெங்கு வந்தது. மூன்றாம் பேருக்குச் சொல்லி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் வீட்டில் பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்திருந்தேன். உன்னை ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும் பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஏன் பை இருக்கிறது என்று நடத்துநர் கேட்டபோதுதான் கவனித்தேன், அதை வைத்தது நான். எனக்கு அழுகை வந்தது. அந்த மனிதன் பயந்துபோய் ஒன்றும் கேட்காமல் நகர்ந்துவிட்டான்.

மேற்பார்வையாளர் கனிவானவர்தான். ஆனால் ஆய்வை முடிக்கத்தான் வேண்டும் என்றார். நாம் விளங்கிக்கொண்டது சரிதானா என்று ஒவ்வொருவரிடமும் திரும்பிப் போய்க் கேட்பது மிச்சமிருந்தது. தனியாகப் போனேன். நீ கேட்ட மாதிரியே கேட்டேன், நீ பேசாமலிருந்த இடங்களில் நானும் பேசாமலிருந்தேன். எல்லா வீட்டிலும் எனக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டார்கள். பழக்கதோஷம் என்று நினைத்தேன். ஆனால் முருங்கை நானா பதில் சொல்லும்போது அந்த வெறுங்கதிரைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, பார்வையைக் கெதியாகத் தாழ்த்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பதிவைக் கேட்டேன். நல்ல பகல். கோயிலில் பூசை மணி அடித்து ஓய்ந்திருந்தது. பதிவில் என் கேள்வி. அதன்பின் மௌனம். மௌனத்தின் தொடக்கத்தில் ஒரு தட்டு.

காதிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு எழுந்து நின்றேன். என் இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன, சத்தியம் செய்வேன். பழைய பதிவை மாறிப் போட்டுவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை, புதியதுதான். அடுத்த வீட்டுப் பதிவைப் போட்டேன். அங்கேயும் கேள்விக்குப் பிறகு அதே தட்டு.

நீ சொல்லித் தந்ததையே செய்தேன். தெரிந்துகொண்டு கேட்கும் காது தனக்கு வேண்டியதைத்தான் கேட்கும் என்பாயே. கனமூலைக் கிராமத்தில் ஒரு பெண் கூலிக்குத் தட்டெழுதிக் கொடுக்கிறாள். உன்னையும் தெரியாது, நம் ஆய்வும் தெரியாது. கேட்பதையெல்லாம் எழுது என்று மட்டும் சொல்லிப் பதிவை அவளிடம் கொடுத்தேன். எழுதிக் கொண்டுவந்தாள். என் கேள்விகளுக்குக் கீழே, நான் கேட்ட அதே இடங்களில், '(தட்டும் சத்தம்)'.

பயந்தேன் என்பது உண்மை. அதைவிட, சந்தோஷப்பட்டேன். இரண்டும் கலந்திருந்தன. எழுதினால் பரிசோதகர் என்ன நினைப்பார்? எழுதாவிட்டால், கேட்டதைக் கேட்டபடி எழுது என்ற உன் கட்டளை என்னாவது? 'மயக்கம்' என்று நான் இன்னொருத்திக்கு எவ்வளவு சுளுவாக எழுதினேன்! இப்போது அந்தச் சொல்லை எனக்கு எழுத வேண்டியிருந்தது, கை வரவில்லை. ஆய்வேடு அந்த இடத்தில் அப்படியே நின்றது.

கடைசியாகப் பூவரசு ராத்தாவிடம் போனேன். இரண்டு கதிரை, இரண்டு பிளேன்டீ. உன் மரணம் அவருக்குத் தெரியும், ஆனாலும் இரண்டு கோப்பை. கேள்விகளைக் கேட்டேன், காத்திருந்தேன். ராத்தா என் முகத்தைப் பார்க்காமல், கொஞ்சம் கீழே பார்த்தபடி, மிகுந்த அன்போடு பதில் சொன்னார். அஸருக்குப் பிறகு செருமல் கேட்டது. இந்தமுறை நான் வாசலையும் பார்க்கவில்லை, ராத்தாவின் தொண்டையையும் பார்க்கவில்லை. கோப்பைக்குள் பார்த்தேன். முடிந்ததும் கருவியை மேசையில் விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மகள் ஒரு பையில் வெங்காயம் கட்டித் தந்தாள்.

பாலாவி நோக்கி வரும் பேருந்தில் இயர்போனைக் காதில் வைத்தேன். என் கேள்விகள், தட்டு, மௌனம், ராத்தாவின் குரல். பிறகு என் செருப்பு கிணற்றடிக்குப் போகும் சத்தம். பதிவு ஓடிக்கொண்டேயிருந்தது, உன் பழக்கப்படி.

மகளின் குரல்: "உம்மா, இண்டைக்கு இவ தட்டினா, பாத்தீங்களா?"

"ஓம். அந்த மௌத்தான புள்ள தட்டினாப் போலயேதான். அதே கை, அதே விரல்."

"தட்டுறது தனக்கே தெரியா போல. பாவம், சொல்லுவமா?"

கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டின. அதன்பிறகு ஒன்றுமே இல்லை. பேருந்து ஒரு தரிப்பில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்படும்வரை ஒன்றுமே இல்லை.

"வேணாம் மகள்" என்றார் ராத்தா. "ஆராச்சும் சொல்லிட்டா, பிறகு வராது."

பிறகு, மிக மெதுவாக, யாரையும் கூப்பிடாத மாதிரி, ஒரு செருமல்.

அவருக்குத் தெரியும். செருமுவது தான்தான் என்று எப்போதிருந்தோ தெரிந்திருக்கிறது. மகள் தாயிடம் மறைத்தாள், தாய் மகளிடம் மறைத்தார், நீ இருவருக்காகவும் மறைத்தாய். எனக்கு மட்டும்தான் அது தெரியாமல் இருந்தது. வெங்காயப் பையை மடியில் வைத்துக்கொண்டு என் இடக்கையைப் பார்த்தேன். அது முன் இருக்கையின் கம்பியில் சும்மா கிடந்தது. என் கைதான், ஆனால் பார்க்க அச்சமாக இருந்தது. வேண்டுமென்றே ஒருமுறை தட்டிப் பார்த்தேன். கம்பியில் விரல் பட்டது, அவ்வளவுதான். நீ அதில் இல்லை.

அன்று பயம் பிடித்துக்கொண்டது எனக்கு. நீ வந்ததற்கான பயமல்ல. ராத்தா சொல்லவேண்டாம் என்றதை நான் ஒட்டுக்கேட்டுவிட்டேனே, இனி வரமாட்டாயோ என்ற பயம்.

ஆய்வேட்டில் அந்தச் செருமலுக்கு 'வந்தார்' என்ற பெயர்தான் போயிருக்கிறது. பெயரிட்ட இருவரும் அதில் உடன்பட்டனர் என்று எழுதினேன். தட்டுகளையும் விடவில்லை. ஆய்வாளரின் கை, அவர் அறியாமல், என்று ஒரு பத்தி. பரிசோதகர் அதன்மேல் விரலை வைத்தார், பக்கத்தைப் புரட்டினார்.

இப்போது நீ பார்த்த ஆலோசகர் வேலையைப் போல ஒரு வேலைதான் எனக்கும். ஆட்கள் வந்து எதிரே உட்காருகிறார்கள். அனுமதியோடு பதிவு செய்கிறேன். ஆனால் என் பதிவுகளை நான் கேட்பதில்லை. கனமூலைப் பெண்தான் கேட்டு எழுதித் தருகிறாள். பேச்சை மட்டும் எழுது, வேறு சத்தம் ஏதும் கேட்டால் எழுதாதே, என்னிடம் சொல்லவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் ஏன் என்று கேட்டாள். அளப்பவருக்கு விடை தெரியக்கூடாது, அது எங்கள் முறையியலில் உள்ளதுதான் என்றேன். சில நாட்களில் தாள்களைத் தரும்போது ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தாள்களை வாங்கி வைத்துக்கொள்வேன்.

நாளைக்குக் கருவியைக் கொடுத்துவிடுவேன். பஞ்சுத் தொப்பியைக் கொடுக்கப்போவதில்லை. பிள்ளைகள் புதிதாக வாங்கட்டும்.

எதிரே இருப்பவரிடம் கேள்வியைக் கேட்டுவிட்டு, உன்னைப் போலவே வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவர் முகத்தை மட்டுமே பார்க்கிறேன். சிலர் பேசத் தொடங்குவதற்கு முன் கொஞ்சம் கீழே, என் கதிரையின் இடப்பக்கம் பார்க்கிறார்கள். நான் அங்கே பார்ப்பதில்லை.