நாலு கோடு நோட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். மருத்துவமனைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை பழகிவிட்டது.

இங்கே ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு மூளையில் கட்டி. மருந்தால் அதைச் சுருக்கிய பிறகுதான் அறுவை சிகிச்சையாம். அது தெரியாமல், எழுத்து கோட்டைத் தாண்டுகிறதென்று, கான்வென்ட் சிஸ்டர்கள் நமக்குச் செய்ததுபோல் சிவப்பு மையால் சுழித்துத் திட்டிவிட்டேன்.

"கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது டீச்சர்" என்றாள்.

இப்போது கட்டி சுருங்குகிறதா என்று எழுத்திலேயே தெரியுமென்று, அவள் நோட்டை டாக்டரே வாரந்தோறும் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். மூன்று வாரம் எழுத்து நேராக வந்தது. நேற்று மறுபடி கோணிவிட்டது.

"சரியா இருக்கா டீச்சர்?"

"சரியா இருக்குடி கண்ணு."

வாழ்நாளில் முதல் முறையாகத் தப்புக்குச் சரி போட்டேன்.

நாலு கோடு நோட்டு ஒரு டஜன் அனுப்புங்கள். ஒன்று போதுமென்று எழுத மனம் வரவில்லை.

டாக்டர் வந்துவிட்டார், நோட்டைக் கொடுக்க வேண்டும்.

உங்கள் தங்கை