வடித்துக் கொட்டிய உப்பு

ஜனவரி 20, திங்கள்

நீலாவின் பெட்டி ஒருவழியாக வந்து சேர்ந்தது. கனடாவின் வடகோடியில் ஒரு விரிகுடா, உறைந்த கடலைத் துளைத்து எடுத்த பனிக்கட்டி. மூன்று உருளைகள், தனித்தனிப் பைகளில். இங்கே வளைகுடாக் கரையில், எங்கள் ஜெபல் அலி லேபில் நான்கு வருடம் என் பக்கத்து மேசையில் தண்ணீர் சோதித்தவள், இப்போது அங்கே ஆராய்ச்சி மாணவி. கட்டியில் கிலோவுக்கு ஏழு கிராம் உப்பு இருக்கிறது என்கிறாள். நாலுக்கு மேல் இருக்காது, உன் அளவுதான் தப்பு என்கிறாராம் அவளுடைய பேராசிரியர். வேறொரு லேப் கட்டியிலிருந்தே தொடங்கி அளக்கட்டும் என்று முடிவாகி, அது என் தலையில் விழுந்திருக்கிறது. எண் ஒத்துப்போகாவிட்டால் அவளுடைய இரண்டு வருட வேலை குப்பைக்குத்தான்.

ஏர்போர்ட்டில் இரண்டு நாள் கிடந்ததில் குளிருக்காகச் சுற்றி வைத்திருந்த ட்ரை ஐஸ் தீர்ந்துபோயிருந்தது. மேலே இருந்த இரண்டு பைகளிலும் தண்ணீர். நல்லவேளை, நான் கவனித்தேன்! மார்க்கெட்டிலிருந்து வரும் மீன் பெட்டிக்குச் செய்வதுபோலத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, மிச்சக் கட்டிகளை ஃப்ரீசருக்குள் தள்ளினேன். அடியில் இருந்த மூன்றாவது மட்டும் உருகாமல் அப்படியே இருந்தது.

உறைந்த கடல் எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்த்தேன். சாதாரண ஐஸ்தான், கொஞ்சம் மங்கல். பதினோரு வருடமாக இந்த வளைகுடாவின் நாற்பது கிராம் உப்பில் கை நனைத்தவளுக்கு அதுவே அதிசயம்.

ஜனவரி 22, புதன்

இரண்டையும் உருக்கி அளந்தாயிற்று. 0.9. 1.1. மீட்டரைக் கழுவி மூன்று தடவை பார்த்தேன். ஏழும் இல்லை, நாலும் இல்லை. மூன்றாவதைத் தொடவில்லை, ஒன்றை மிச்சம் வைப்பது எங்கள் வழக்கம். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்த உரிமை எனக்குக் கிடைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. இன்னும் புதுப்புடவை மாதிரி இருக்கிறது.

ஜனவரி 23, வியாழன்

நீலா போன் பண்ணினாள்.

"அக்கா, ஒண்ணா? நெசமாவே ஒண்ணா?"

"மூணு தடவ பாத்தேன்டி."

"சார் வேற தலைப்பு பாருன்னுட்டார்க்கா."

அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருப்பேன். அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. எண்ணை நானா உண்டாக்கினேன்? மீட்டர் சொன்னதைச் சொன்னேன்.

ஆனால் உறைந்தது கடல்தானே? முப்பது கிராம் உப்புள்ள கடல் என்றாளே?

ஜனவரி 24, வெள்ளி

உப்பு எங்கே போச்சு?

ஜனவரி 25, சனி

மம்சார் கடற்கரைக்குப் போய் இரண்டு பாட்டில் தண்ணீர் பிடித்து வந்தேன். என் வீட்டுக்காரர் பாலமுரளிக்குப் பொறுக்கவில்லை. "வாரம் பூரா அந்தத் தண்ணியோடதான மாரடிக்கிற? லீவு நாள்லயும் வீட்டுக்குத் தூக்கிட்டு வரணுமா?"

வரணும். பையில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன். இடம் பற்றாமல் இட்லி மாவு கீழ்த்தட்டுக்கு இறங்கியது.

ஜனவரி 26, ஞாயிறு

உறைந்திருந்தது. கட்டியை வடிகட்டியில் போட்டு, அடியில் கிண்ணம் வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் வடிகட்டி காலி. மிச்சக் கட்டியை இந்த மனுஷன் மோரில் போட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறார்!

"மோர்ல உப்பு போட மறந்துட்ட பாரு" என்கிறார்.

கடலை உறையவைத்துப் போட்ட மோரில் உப்பு இல்லையாம்.

கிண்ணத்தில் வடிந்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். ஐயோ, கசந்தது. கடல் தண்ணீரைவிட மோசம். உட்கார்ந்து படித்தேன். கடல் உறையும்போது உப்பு கட்டியோடு சேராதாம். உள்ளே சின்னச் சின்ன ஓட்டைகளில் கெட்டியான உப்புநீராக ஒதுங்கி நிற்குமாம். சூடு பட்டால் முதலில் ஒழுகுவது அதுதான்.

அப்ப திங்கக்கிழமை நான் என்ன பண்ணினேன்? வடிச்சுக் கொட்டினேன்! அவ ரெண்டு வருஷ உழைப்ப சிங்க்ல கொட்டிட்டு, சக்கைய அளந்து, கையெழுத்து வேற. அறிவிருக்கா எனக்கு? மீன் கழுவுற புத்தி!

பையில் தண்ணீர் இருந்தது வேறு யாருக்கும் தெரியாது. மூன்றாவதைச் சத்தமில்லாமல் அளந்து, மறுபரிசோதனை என்று அனுப்பிவிடலாம். அனுப்பினால்? ஒரே லேபின் இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பேராசிரியர் எதை நம்புவார்? முதல் எண் ஏன் தப்பு என்று சொன்னால்தான் நீலா தப்பிப்பாள்.

ஜனவரி 27, திங்கள்

மேலாளர் சித்தீக் சாரிடம் சொன்னேன். கீழக்கரைக்காரர், குரலை உயர்த்தமாட்டார்.

"ஏம்மா, அனுப்பின ரிப்போர்ட்ட ரத்து பண்ணணும்னா காரணம் எழுதணும். அடுத்த மாசம் ஆடிட். உங்க கையெழுத்து போயிரும், தெரியும்ல?"

"தெரியும் சார்."

"யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டுத்தான் சார் வந்தேன்."

படிவத்தில் எழுதினேன்: உருகிய நீரைக் கொட்டியது நான்.

ஜனவரி 28, செவ்வாய்

மூன்றாவது துண்டைச் சார் என்னைத் தொடவிடவில்லை. எனக்கு அடுத்த நிலையில் இருக்கும் ஹிஃப்ஸா, கட்டின பையோடு முழுசாக உருக்கி அளந்தாள். பின்னால் நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தேன்.

6.8. மறுபடி பார்த்தாள். 6.9.

உருக்கிய தண்ணீர் பாட்டிலோடு நின்றவளைக் கட்டிப்பிடித்துவிட்டேன். "அக்கா, பாட்டில்! பாட்டில்!" என்று கத்தினாள்.

பிப்ரவரி 19, புதன்

ஆடிட் முடிந்தது. ஒரு வருடத்துக்கு எனக்குக் கையெழுத்து கிடையாது. என் வேலைக்கு ஹிஃப்ஸா போடுகிறாள். ஒவ்வொரு தடவையும் "சாரிக்கா" என்கிறாள். போடும்மா என்கிறேன். எரிச்சலாகத்தான் இருக்கிறது, அவள்மேல் இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

நீலாவின் தலைப்பு நிலைத்துவிட்டது. ஆனால் முதல் ரிப்போர்ட்டில் எண் ஏன் அவ்வளவு குறைந்தது என்பதையும் ஆய்வேட்டில் எழுதச் சொல்லிவிட்டாராம் பேராசிரியர். உருகியதை வடித்தால் எவ்வளவு உப்பு போகும் என்பதற்கு அவளிடம் இருக்கும் ஒரே கணக்கு என் தப்புதான்.

"ஒரு லேப்ல இப்படி ஆச்சுன்னு பேர் சொல்லாம எழுதிடறேன்க்கா."

"கொட்டினவ நான் இருக்கறப்ப ஒரு லேப் என்னடி ஒரு லேப்? என் பேரப் போடு."



"எங்க போடட்டும்க்கா? நன்றி சொல்ற பக்கத்துலயா, இந்தத் தப்பு வர்ற இடத்துலயா?"

தப்பு வருகிற இடத்தில் என்றேன்.